சகானே கோட்டை எந்தப் பக்கம்?

2012 அக்டோபர் 9, செவ்வாய்

மூன்றாவது விண்ணப்பம் டோக்கியோவுக்குப் போக இன்னும் ஏழு வாரம். இதுவே கடைசி. இதுவும் திரும்பி வந்தால் கோட்டை அலுவலகத்தை மூடிவிட்டு என்னைக் குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்புவதாக மேயர் சொல்லிவிட்டார். பதினோரு வருட உழைப்பு!

பத்தொன்பதாம் நூற்றாண்டில், மெய்ஜி பேரரசர் காலத்தில், கோட்டைக் கோபுரத்தை இடித்து விறகு விலைக்கு விற்றார்கள். மிஞ்சியது கல்மேடும், கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரே ஒரு புகைப்படமும். 1961-இல் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சிமெண்டில் ஒன்றைக் கட்டினார்கள். நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று அதையும் பூட்டி மூன்று வருடமாகிறது. இப்போது பழையபடி மரத்தில் கட்ட வேண்டும். ஆனால் ஆதாரம் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க அனுமதி கிடையாது.

ஆதாரங்களோ ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. படத்தில் துணைக்கோபுரம் மேற்கே. தோண்டிப் பார்த்தால் அதன் அஸ்திவாரம் கிழக்கே. ஏதோ ஒரு தீ விபத்துக்குப் பின் இடம் மாற்றியிருப்பார்கள் என்று எழுதினோம். அனுமதி தரும் டோக்கியோ குழுவின் தலைவர் பேராசிரியர் உசுகி இரண்டு முறையும் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: ஊகம் ஆதாரமாகாது.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது சரி.

அக்டோபர் 23

எங்கள் பிரிவுத் தலைவர் நெசு இன்று தேநீர் நேரத்தில், "மகாபே-சான், முன்னூறு வருஷம் நின்ன கோபுரம் போயே போச்சு. நீங்க ஏன் இன்னும் நின்னுக்கிட்டு இருக்கீங்க? உக்காருங்க" என்றார்.

"இருநூத்தி எண்பத்தாறு வருஷம்" என்றேன்.

"இதுக்குத்தான் உங்களோட யாரும் சாப்பிட வர்றதில்ல."

நவம்பர் 2

தோமி சித்தி காலமானார். தொண்ணூற்றொன்று. தூக்கத்திலேயே.

நவம்பர் 3

சித்திக்கு வெள்ளைக் கிமோனோ உடுத்த நானும் அவர் மகள் கினுவும் கை கொடுத்தோம். பழக்க தோஷத்தில் இடது பக்கத்தை மேலே போட்டு மடித்துவிட்டேன்.

"அக்கா, அது உயிரோட இருக்கிறவங்களுக்கு. அம்மாவுக்கு வலது பக்கம் மேல வரணும்" என்றாள் கினு, மெல்ல.

மாற்றி மடித்தேன். சித்தியின் மார்பில் அந்த மடிப்பைப் பார்த்தபடியே இருந்தேன். இதை வேறெங்கோ பார்த்திருக்கிறேன் — பிணத்தின் மீது அல்ல. நின்றுகொண்டிருந்த ஆள் மீது. எங்கே?

துறவி மந்திரம் ஓத ஆரம்பித்தபோது பிடிபட்டது. கோட்டை வாசலில்! அந்தப் படத்தில்! எனக்கு வந்த சிரிப்பை அழுகை என்று நினைத்துக் கினு முதுகைத் தடவிக்கொடுத்தாள். சித்தி, மன்னிச்சுக்கோ. உன்ன மாதிரி யாரும் எனக்கு இப்படி உதவினதில்ல.

நவம்பர் 5

காலை ஏழு மணிக்கே அலுவலகம். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். வாசலில் மூன்று ஆட்கள், கட்டைவிரல் அளவு. மூவருக்கும் வலது பக்கம் மேலே.

நெசு குனிந்து பார்த்தார். "என்ன இது, மூணு பொணம் சேர்ந்து போட்டோவுக்கு நிக்குதா?"

"பொணம் இல்ல சார். படம் தலைகீழா — இல்ல, இடம் வலமா மாறியிருக்கு. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுப் படம் பல சமயம் அப்படித்தான் விழும். முகம் பாக்குற கண்ணாடி மாதிரி."

படத்தைத் திருப்பினேன். மூன்று பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள். துணைக்கோபுரம் கிழக்கே, சரியாக அஸ்திவாரம் இருக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கத்திவிட்டேன். அடுத்த அறையிலிருந்து வரி வசூல்காரர்கள் ஓடி வந்தார்கள்.

நெசுவின் முகம் மட்டும் வெளுத்தது. "அப்போ 1961-ல கட்டினது?"

"கண்ணாடிக்குள்ள தெரிஞ்ச கோட்டை."

"நாப்பத்தெட்டு வருஷமா பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையா வந்து பாத்தது?"

"அதேதான்."

"ஊரே சிரிக்குமே! அதக் கட்டினது மேயரோட அப்பா. யார் போய்ச் சொல்றது?"

நானேதான்.

நவம்பர் 6

மேயர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் தொங்கிய அப்பாவின் படத்தையும் பார்த்தார். எனக்குக் குடிநீர்க் குழாய்கள் கண்முன்னே ஓடின.

"அப்பா உயிரோட இருந்திருந்தா உங்களையும் கொன்னிருப்பார், என்னையும் கொன்னிருப்பார்" என்றார். பிறகு முத்திரையை எடுத்து விண்ணப்பத்தில் ஓங்கிக் குத்தினார். "தப்பா கட்டினது நாமதான்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க."

இந்த மனிதருக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. இனிப் போடுவேன்.

டிசம்பர் 14, டோக்கியோ

உசுகி லென்ஸை வைத்து அந்த மூன்று பேரையும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நிமிர்ந்தார். "இருபது வருஷமா இந்தப் படத்த வகுப்புல காட்டுறேன். கோபுரத்தத்தான் பாத்தேன். ஆளுங்களப் பாக்கவே இல்ல."

எழுந்து நின்று, என்னை நோக்கி இடுப்பு வரை குனிந்தார். அந்த உசுகி! நான் அவரைவிடத் தாழக் குனியப் போய் மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

அனுமதி கிடைத்தது.

ரயிலில் விலாங்குமீன் சாப்பாட்டுப் பெட்டி இரண்டு வாங்கி இரண்டையும் நானே தின்றேன்.

டிசம்பர் 15

நெற்றி வீங்கியிருக்கிறது. "குழுவுல அடிதடியா?" என்கிறார் என் வீட்டுக்காரர். ஆமாம், ஜெயித்தது நான்.

2018 ஏப்ரல் 15, ஞாயிறு

திறப்பு நாள். செருப்பைப் பையில் போட்டுக் கையில் பிடித்தபடி, காலுறையோடு நாலாயிரம் பேர் ஏறினார்கள். படிகள் செங்குத்து, எதிரே இறங்குபவருக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதெல்லாம் சிரிப்பு. நெசு மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

கிழக்குத் துணைக்கோபுரத்தில், வெளியூர்ப் பெண்மணி ஒருவர் தூணைத் தட்டிப் பார்த்தார். அது அறுத்து இழைத்து ஒரு வருடம்கூட ஆகாத தூண். புதுமர வாசனை இன்னும் மூக்கைத் துளைத்தது.

"பாத்தீங்களா, நானூறு வருஷம் ஆகியும் அசையாம நிக்குது! இந்த ஊர்க்காரங்க நல்லா காப்பாத்தி வச்சிருக்காங்க" என்றார் என்னிடம்.

திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

"ஆமாங்க" என்றேன்.