திருச்சியிலிருந்து பெங்களூருக்கு

மாசி 9, செவ்வாய்.

காய்ச்சலில் கிடந்த பாப்பாத்தியைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் சுமக்க, விடிந்ததும் சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கினோம். உயிரோடு இருப்பவரை வழியில் தரையில் வைப்பது எங்கள் ஆலத்தூர் நாட்டில் வழக்கமில்லை. நடந்தபடியேதான் தோள் மாற்றிக்கொள்வார்கள்.

பாதி மலையில் ஒரு யுத்த விமானம் தலைக்கு மேலே போனது. திருச்சி விமான நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் தம்பி போன அறுவடைக்கு வந்தபோது சொல்லியிருந்தான்: "திருச்சியிலிருந்து பெங்களூரு நூத்தியெழுவது மைல் இருக்குமுங்க மாமா. ஒரு மணி நேரஞ் சொச்சத்துல எறங்கிரும்."

பாப்பாத்திக்கும் அது நினைவில் இருந்தது.

"ஏனுங்க, அது பெங்களூரு போயிருக்குமுங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். அடுத்த வளைவிலும் கேட்டபோது எரிச்சல் வந்துவிட்டது. "பேசாமப் படு" என்றேன். பேசாமல் படுத்தாள்.

வெயில் ஏறியது. கீழே சேந்தமங்கலத்துக் கூரைகள் தெரிந்தன. இந்நேரம் இறங்கியிருக்கும் என்று அவளிடம் சொல்லத் திரும்பினேன்.

கட்டிலைத் தரையில் வைத்திருந்தார்கள்.