கழற்ற மறந்த பொட்டு

அக்கா,

இன்று காலை குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தபோது, மூலையில் உங்கள் மெரூன் பொட்டு ஒன்று நகத்தில் தட்டுப்பட்டது. உங்கள் தொடர்மாடியில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் துவாயும் கையுமாக என் வீட்டுக்குக் குளிக்க வருவீர்கள். போகும்போது கண்ணாடியில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போவீர்கள்.

"கண்ணாடிக்குக் கலியாணமோ அக்கா?"

"எனக்குத்தான் நடக்கேல்லை. அதுக்காவது நடக்கட்டும்."

கொழும்பில், வெள்ளவத்தையில் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் இருந்தோம். அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்று மட்டும் சொல்லியிருந்தீர்கள். யுத்த காலத்தில் எங்கள் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்டு, தமிழில் கதைத்ததைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தது நீங்கள் என்பதை, யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின், என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள். லொட்ஜில் தங்கியிருந்த ஒருவர், நாளைக்கு எத்தனை மணிக்கு எந்த ஹோல்டில் பஸ் ஏறுவேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்.

"நான் எழுதிக் குடுத்த நேரத்துக்கு, நான் எழுதிக் குடுத்த ஹோல்டிலை நிண்டு பிடிச்சவங்கள். அந்த அம்மா இப்பவும் படத்தோடை தேடித் திரியிறா. வழக்கும் போட்டிருக்கிறா. அப்பிடி ஒருத்தரையும் பிடிக்கேல்லை எண்டு கோட்டிலை சொல்லுறாங்கள்."

நீங்கள் எழுதிக் கொடுத்தவை இருந்த கோப்பின் தாள்களைத்தான் வெளியே கொண்டுவந்தீர்கள். ஒட்டுக்கேட்கப்பட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அவர்கள் பெயர்களின் மேல் வரிசையாகப் பொட்டுகளை ஒட்டி போட்டோக்கொப்பி எடுத்தீர்கள். பிறகு பொட்டுகளைக் கழற்றிவிட்டுத் தாள்களைத் திரும்பக் கோப்பில் வைத்தீர்கள். கொப்பிகள் அந்தத் தாயின் வழக்கறிஞரிடம் போயின. அவை நீதிமன்றத்துக்கு வந்ததும், அந்த மனிதரைப் பிடித்தது யார் என்று எவரும் தேடவில்லை. தாளை எடுத்தது யார் என்றே தேடினார்கள்.

நீங்கள் தாள் எடுத்தது அப்போது எனக்குத் தெரியாது. ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியாமலே விசாரணைக்குப் போனேன். அதிகாரி கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நானும் அம்மாவும் எப்போதோ பிரஷர் குளிசையைப் பற்றிக் கதைத்தது சிங்களத்தில் இருந்தது. மேலே என் பெயர். அதன் கடைசி எழுத்தின் மேல் ஒரு மெரூன் பொட்டு.

"இது என்ன, மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அக்காவின் பொட்டு."

"எந்த அக்கா?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்பது, வெள்ளவத்தை வீடுகளில் பொலிஸ் எடுத்த பதிவுப் படிவத்தில் அவருடைய மேசையிலேயே இருந்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன்.

அரச இரகசியத்தை வெளியிட்ட குற்றம் என்றார்கள். பிணை கிடைக்கவில்லை. விளக்கமறியல் சிறையில் கம்பிவலைக்கு அப்பால் வெறும் நெற்றியோடு வந்து நின்றீர்கள். நான் அழுதேன்.

"விசர்ப் பிள்ளை, அழாதையும். உம்மைக் கேக்க முன்னமே அவங்களுக்குத் தெரியும்."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றும் தெரியாது.

"மற்றதெல்லாம் சுகமாக் கழண்டது. உம்மடை பேர் ஒருக்காலும் தெரியக்கூடாது எண்டு அதை மட்டும் நல்லா அழுத்தினனான். அதுதான் நிண்டிட்டுது."

அடுத்த வழக்குத் தவணைக்கு முன் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்ட எதிரி இறந்தபடியால் வழக்கு முடிந்தது என்று இரண்டு வரியில் எழுதினார்கள். அந்தத் தாயின் வழக்கு மட்டும் இழுபடுகிறது. கொப்பிகள் பொய், அப்படி ஒரு கோப்பே இருந்ததில்லை என்கிறார்களாம். அதைக் கண்ணால் கண்ட வெளி ஆள் நான் ஒருத்திதான். சாட்சி சொல்ல வருவீர்களா என்று அந்த வழக்கறிஞர் கேட்டிருக்கிறார். வேலையை நினைத்தும் அம்மாவை நினைத்தும் இரண்டு கிழமையாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். இன்று காலை, கண்ணாடியை அந்த மூலையை விட்டுத் துடைத்துவிட்டு, வருகிறேன் என்று அவருக்குச் சொன்னேன்.

அதுதான் அந்தக் கோப்பு என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதில் அக்காவின் பொட்டு இருந்தது என்பேன். எந்த அக்கா என்று கேட்பார்கள். இந்த முறையும் உங்கள் பெயரைத்தான் சொல்லப்போகிறேன்.