நீ வேண்டாமென்ற பாறைக்குழி

இன்று காலையிலும் அந்த நாற்றம்தான் என்னை எழுப்பியது. கிழக்கே பாறைக்குழியில் குப்பை எரிகிறது. யார் தீ வைத்தது என்று கேட்டால் தானாகப் பற்றிக்கொண்டது என்பார்கள். பாலித்தீன், பனியன் கம்பெனி வேஸ்ட், கோழிக் கழிவு எல்லாம் சேர்ந்து எரிகிற நாற்றம். எழுந்து சன்னல்களைச் சாத்தினேன். நீ இருந்தவரை கிழக்குச் சன்னலைச் சாத்தவே விட்டதில்லை. காற்று வேண்டும் உனக்கு. சாத்திவிட்டுத் திரும்பினால் உன் படம். எதிரே நிற்கக் கூச்சமாக இருந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நம் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது உன்னைக் கேட்டா தேர்தலில் நிறுத்தினேன்? மனுவில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது நீ எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாய். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எதுக்குங்க மாமா?" என்றாய். "சும்மா போடு அம்மிணி, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன். நன்றாகவே பார்த்துக்கொண்டேன். ஜெயித்த அன்று பூமாலை என் கழுத்தில்தான் விழுந்தது. கூட்டங்களில் நடு நாற்காலி எனக்கு, ஓரத்து நாற்காலி உனக்கு. ஊர் என்னைத் தலைவர் என்றது. உன்னைத் தலைவர் ஊட்டுக்காரம்மா என்றது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கல் வெட்டி முடித்து, குத்தகைக்காரர்கள் அம்போவென்று விட்டுப்போன பாறைக்குழி அது. அதில் டவுன் குப்பையைக் கொட்டுவது பற்றிப் பேச அதிகாரிகள் வந்தார்கள். "தலைவர் இருக்காங்களா?" என்று வாசலில் கேட்டார்கள். எதிரே நின்றவள் நீதான். உன் தலைக்கு மேலாக நான் குரல் கொடுத்தேன். "நாந்தானுங்க. உள்ள வாங்க." நீ காபி வைக்கப் போனாய்.

அவர்கள் வரைபடத்தை விரித்தார்கள். கழிவுநீர் மண்ணில் இறங்காதபடி குழிக்குள் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிப்போம், தரம் பிரித்த குப்பைதான் வரும், நிரம்பியதும் மண் போட்டு மூடிப் பூங்கா வைப்போம் என்றார்கள். நம் மண் பாதைக்குத் தார் போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால் போதுமாம். நான் அங்கேயே தலையாட்டிவிட்டேன். டம்ளர் எடுக்க வந்த நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனாய். மறுநாள், "தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வர்றனுங்க" என்று பல்லடம் பஸ் ஏறினாய். போய் வந்தவளிடம் நான் எதையும் விசாரிக்கவில்லை.

கோயில் மைதானத்தில் கிராம சபை. தீர்மானத்தைப் படித்து முடித்து, "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?" என்றேன். அது கேள்வியே இல்லை, கூட்டம் முடிந்தது என்பதற்கான அறிவிப்பு. அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து நீ எழுந்தாய்.

"எனக்குச் சம்மதமில்லீங்க. என்ர தங்கச்சி ஊர்லயும் இதையேதானுங்க சொன்னாங்க, ஷீட்டு, பார்க்குன்னு. இன்னைக்கு அவ ஊட்டுக் கெணத்துத் தண்ணிய எரும மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருதுங்க. நம்மூருக் கெணறு அத்தனையும் அந்தக் குழிக்குக் கீழ, பள்ளத்துலதானுங்க இருக்குது. இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

பெண்கள் பக்கம் கை தட்டினார்கள். தீர்மானம் விழுந்தது. எனக்கு முகம் செத்துப்போயிற்று. "ஏனுங்க தலைவரே, ஊட்டுத் தீர்மானமே உங்களுக்கு நிறைவேறலீங்களே?" என்று டீக்கடையில் கேலி. வீட்டில் சாப்பிடாமல் வீம்புக்குப் பல்லடம் போய் ஓட்டலில் சாப்பிட்டேன். "ஊர் முன்னால என்னக் கேவலப்படுத்திட்டியே" என்று நான் கத்தியபோது, "உங்களுக்கு எதிராப் பேசலீங்க மாமா. தண்ணிக்காகத்தான் பேசினேன்" என்றாய். அது என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. கருமாதி முடிந்த கொஞ்ச நாளில், பொறுப்புக்கு வந்த துணைத் தலைவர் அதே தீர்மானத்தை மறுபடியும் கிராம சபைக்குக் கொண்டுவந்தார். என்னை மரியாதையாக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நீ சொன்னதை நான் எழுந்து சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். துக்கமில்லை அம்மிணி. உன் பேச்சை நான் பேசினால், அன்றைக்கு உன்னிடம் தோற்றது எல்லோருக்கும் மறுபடி ஞாபகம் வந்துவிடும் என்று பயந்தேன். அவ்வளவு சின்ன ரோஷம். உன் இடத்தில் உட்கார்ந்து வேண்டியதும் வேண்டாததுமாக எத்தனையோ பேசியவன், உன் இடத்தில் நின்று பேச வேண்டிய ஒரே நாளில் ஊமையாக இருந்தேன். கை தூக்கச் சொன்னார்கள். தீர்மானம் நிறைவேறியது.

ஷீட் விரிக்கவில்லை. தரம் பிரித்த குப்பையும் வரவில்லை. எல்லாம் கலந்துதான் வருகிறது. லாரி போக ஜல்லியும் மண்ணும் கொட்டியதோடு சரி, தார் போடவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளினால் பிசுபிசுக்கிறது. ஊரே கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது. எருமைகளை விற்றுவிட்டேன்.

இப்போது மேற்கே இருக்கிற இன்னொரு குழியையும் கேட்கிறார்கள். போன வாரம் அதற்கான கிராம சபை. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து ஒவ்வொருவராகப் பேசினார்கள். நானும் எழுந்தேன். "போன தடவ நான் பேசாம உக்காந்திருந்தனுங்க. என்ர சம்சாரம் வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சும் உக்காந்திருந்தேன். தப்புங்க" என்றேன். எதிர்வீட்டுப் பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்ணா, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லீங்களா?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் உட்கார்ந்துவிட்டேன். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து நடந்தே வந்தேன். பாதி வழியில் குப்பை லாரி ஒன்று வந்தது. ஓரமாக ஒதுங்கி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, புழுதி அடங்கட்டும் என்று நின்றேன். நின்ற பிறகுதான் அது எந்த இடம் என்று உறைத்தது.

நீ எதிர்த்துப் பேசிய அன்று, கூட்டம் கலைந்ததும் நீ முன்னால் நடந்தாய். நான் பின்னால் பைக்கில் வந்தேன். சத்தம் கேட்டு நீ இந்த இடத்தில்தான் நின்றாய். நான் வேகத்தைக் குறைக்காமல் உன்னைத் தாண்டிப் போனேன். கண்ணாடியில், புழுதிக்குள் நீ.

பாறைக்குழி விஷயத்தில் செய்த தப்பை ஊர் நடுவே ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். இதை ஊரிடம் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று, நீ சேலையைக் கொசுவிக் கையில் பிடித்தபடி நின்றாய். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.