நாற்காலியில் மோதாதவன்

அனுப்புநர்:
விடுதிச் சமையலர்
(சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் தாய்),
கடைசி வீடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறத் தெரு.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

பொருள்: பார்வை இழந்த என் மூத்த மகனுக்குப் பார்வை உள்ளது என்று எழுதிக் கொடுத்தது – அதன் விளைவாக அவன் இரு கைகளும் வெந்து போனது – மறு பரிசோதனையும் உரிய நடவடிக்கையும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "பார்வை உள்ளது" எனத் தங்கள் முகாம் மருத்துவர் கையொப்பமிட்ட அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர், ஒரு பக்கத்துக்கு மேல் போனால் மேலே யாரும் படிக்க மாட்டார்கள் என்றார். என் மகனுக்கு நடந்தது ஒரு பக்கத்தில் அடங்காது. ஆகவே அவரிடம் கொடுக்காமல் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் மூத்த மகன் துணிச் சாயப்பட்டறையில் நிறம் கூட்டும் வேலையில் இருந்தான். ஒரு துண்டுத் துணியைக் கொடுத்தால் போதும், அதே நிறத்தை அப்படியே கூட்டிக் கொடுப்பான். பட்டறை மேலாளரே வெளியாட்களிடம், "இவன் கண்ணு போதும் எனக்கு, மெஷின் எதுக்கு?" என்று சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவன் ஒருநாள் சிவப்புச் சாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "இது ஏன் இப்படிச் சாம்பலா வந்திருக்கு?" என்று கேட்டிருக்கிறான். சாயத்தில் குறையில்லை. அன்று கூட்டிய நிறத்தில் போன துணி முழுவதும் பாழாயிற்று. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவனை ஊதச் சொல்லி வாயை முகர்ந்து பார்த்தார். என் மகனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது.

2. அடுத்த சில வாரங்களில் இடது கண்ணின் நடுவில் புகை மூட்டம் போல வந்தது. பிறகு வலது கண்ணிலும் வந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியவில்லை. கண் மருத்துவமனையில் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட பிறகும் அவன் சாப்பிடும் தட்டில் இருப்பது இன்னதென்று கையால் தொட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

3. பெரிய மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் அம்மையார் ஒருவர்தான் ரத்தம் எடுத்து அனுப்பிக் காரணத்தைக் கண்டார். அவர் எனக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறதாம். உடம்புக்கு வேண்டிய சக்தியை அதுதான் உண்டாக்குகிறதாம். அது பழுதானால் எந்த உறுப்பு அதிகச் சக்தி கேட்கிறதோ அந்த உறுப்பு முதலில் படுத்துவிடும். சிலருக்கு இதயம், சிலருக்குத் தசை, சிலருக்குக் காது. என் மகனுக்குக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு. "வீட்டுல பல்பு நல்லா இருக்கும்மா, கரண்ட் கம்பிதான் கருகிடுச்சு" என்றார் அவர். ஆகவே வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குக் கண் நல்ல கண்ணாகவே தெரியும். நடுப்பார்வை போய்விடும், ஓரப்பார்வை மிஞ்சும். எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, காலடியில் கிடக்கும் செருப்பு தெரியும். தங்கள் அலுவலகம் தயவுசெய்து இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

4. இந்தப் பழுது தாயிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு வருமாம். தகப்பன் வழியில் வராதாம். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் தம்பி இருபது வயதில் கண் இழந்தான். சாராயம் குடித்துக் கெட்டான் என்று ஊர் சொன்னது, நாங்களும் நம்பினோம். அவனை வீட்டுக்குள் சேர்க்காமலே விட்டோம். இதைக் கேட்டபின் என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். மகன்தான், "விடும்மா, உன் மூக்கும் எனக்குத்தானே வந்திருக்கு" என்றான்.

5. மேலாளர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. துணி மடிக்கும் பகுதியில் உட்கார வைத்தார். "சர்டிபிகேட் வாங்கிட்டு வா, இங்கயே நிரந்தரமா போட்டுத்தரேன்" என்றார். அதற்காகவே தங்கள் முகாமுக்கு வந்தோம். வேறு எந்தச் சலுகைக்கும் வரவில்லை.

6. முகாம் நடந்தது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர், முகாம்கள் பல பார்த்தவர் போலும், என் மகன் காதருகே வந்து, "தம்பி, உள்ள நாற்காலி போட்டிருப்பாங்க. நேரா போய் மோதி விழுந்துரு. அப்பதான் எழுதுவாங்க" என்றார். "தெரியுற நாற்காலியில எப்படிண்ணே மோதுறது?" என்று கேட்டான் என் மகன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர் உள்ளே போனார், ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது, சான்றிதழோடு வெளியே வந்தார். அவருக்கு நிஜமாகவே பார்வை இல்லையா என்பது எனக்குத் தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.

7. முகாம் மருத்துவர் என் மகன் கண்ணில் டார்ச் அடித்தார். கண்ணின் பாப்பா சுருங்கியது. "நல்லாத்தானே வேலை செய்யுது" என்றார். நரம்பியல் மருத்துவரின் அறிக்கையை நீட்டினேன். "மைட்டோவா? வாரத்துக்கு ஒரு வியாதி கண்டுபிடிக்கிறாங்கய்யா" என்று சொல்லி அதன் மேல் தேநீர்க் குவளையை வைத்தார். அந்த வட்டக் கறையுடனேயே அறிக்கையின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். பிறகு உதவியாளரை விட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒரு காகித உருண்டையை எறியச் சொன்னார். மகன் தலையைத் திருப்பினான். அறையின் நடுவில் நாற்காலியைப் போட்டு நடக்கச் சொன்னார். மகன் விலகி நடந்தான். ஓரக்கண்ணால் பார்ப்பதற்காக அவன் முகத்தைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவான். அதைப் பார்த்து, "பொய் சொல்றவன் நேரா கண்ணப் பார்க்க மாட்டான்" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவர் பெண்.

8. இனி எழுதப் போவதை எழுத வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். எழுதுகிறேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். சற்று நேரத்தில் உதவியாளர் வந்து என் முழங்கையைப் பிடித்து, "சத்தமில்லாம உள்ள வந்து அவன் முன்னாடி நில்லு. வாயத் திறந்தா மனு ரத்து" என்றார். செருப்பைக் கழற்ற வைத்தார். என் மகனுக்கும் எனக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதிகாரிகள் முன்னால் போகிறோமே என்று அன்று நான் தலைக்குக் குளித்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் புடவையைக் கட்டிப் போயிருந்தேன். சமையல் உடுப்போடு போயிருந்தால் வெங்காய வாசனையை வைத்தாவது கண்டுபிடித்திருப்பான். "எதிர்ல யாரு?" என்று மருத்துவர் கேட்டார். மகன் முகத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். கடைசியில் என்னிடமே, "மேடம், மன்னிச்சுக்குங்க, யாருன்னு தெரியல. எங்க அம்மா வெளியில நிக்கிறாங்க, அவங்களக் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?" என்றான்.

மருத்துவர் கைதட்டினார். "சினிமாவுல சேர்த்து விடும்மா உன் பையன" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் மகனுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அப்படிப் பிடித்தது.

9. "தடைகளைத் தவிர்த்து இயல்பாக நடந்தார். பார்வை உள்ளது. தாயைத் தெரியாதது போல் நடித்தார்" என்று அறிக்கை வந்தது. ஒரு நகல் பட்டறைக்கும் ஒரு நகல் காவல் நிலையத்துக்கும் போயிற்று. எங்களுக்கு வந்த நகலை என் இளைய மகன் தன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினான். பட்டறை மேலாளர், "கவர்மென்டே கண்ணு இருக்குன்னு சொல்லிட்டப்புறம் நான் யாருய்யா? மெஷினுக்குப் போ, இல்ல வீட்டுக்குப் போ" என்றார். நிறம் கூட்ட முடியாதவனை, துணி வேகும் கொப்பரை இயந்திரத்தில் நிறுத்தினார்கள்.

10. அந்த இயந்திரத்தில் நீராவி முழுவதும் இறங்கிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். இறங்கியதா என்று மேலே உள்ள வட்டத்தில் முள் காட்டும். என் மகனுக்கு வட்டம் தெரியும், முள் தெரியாது. உடன் வேலை செய்த ஒருவர் ஒவ்வொரு முறையும், "இறங்கிடுச்சுடா, திற" என்று குரல் கொடுத்து வந்தார். அவர் தன் மாமனார் சாவுக்குப் போன நாளில், மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து "திறந்து தொலைடா, அடுத்த லோடு காத்திருக்கு" என்று கத்தினார். அது உத்தரவா, முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னதா என்று மகனுக்குத் தெரியவில்லை. திறந்தான். இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்தன. கழுத்தும் தாடையும் வெந்தன. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

கண் போனபின் அவன் எதையும் விரலால் தொட்டுத்தான் அறிந்துகொண்டிருந்தான் என்பதைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறேன். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "கவனக்குறைவு" என்று பட்டறை எழுதிக் கொடுத்திருக்கிறது.

11. பொய்ச் சான்று கேட்ட குற்றத்துக்காக வாக்குமூலம் வாங்கக் காவலர் ஒருவர் தீக்காயப் பிரிவுக்கு வந்தார். முகாமுக்குப் போய் வந்த நாளிலிருந்து, சத்தமில்லாமல் யார் வந்து நின்றாலும் என் மகன் "அம்மாவா?" என்று கேட்கிறான். மருந்து கட்ட வரும் செவிலியரைக் கேட்கிறான், தரை துடைப்பவரைக் கேட்கிறான். அந்தக் காவலரையும் கேட்டான். மீசை வைத்த மனிதர். "நடிப்பு தொடர்கிறது" என்று அவர் எழுதிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

12. சென்ற வாரம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கை பாதிக்கப்பட்டோர் பிரிவில் என் மகன் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும், அப்படி விண்ணப்பித்தால் கண் தொடர்பான கோரிக்கையைத் திரும்பப் பெற்றதாக எழுதித்தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. கடிதத்தின் கீழே, படித்துப் பார்த்துக் கையொப்பமிடவும் என்று போட்டிருந்தது. படிக்கக் கண்ணும், போடக் கையும் இல்லாதவனிடம் இப்படிக் கேட்கத் தோன்றியவர் யார் என்று அறிய விரும்புகிறேன். அவர் மீது கோபம் இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே ஐயா அவர்கள்,

என் மகனை நரம்பியல் பிரிவு உள்ள மருத்துவமனையில், அதற்குரிய கருவிகளால், மீண்டும் பரிசோதிக்க உத்தரவிட வேண்டும். காவல் நிலையத்துக்கு அனுப்பிய புகாரைத் திரும்பப் பெற வேண்டும். நாற்காலி போட்டுப் பார்க்கும் சோதனையையும், பெற்றவளை வாய் பொத்தி நிறுத்தும் சோதனையையும் எல்லா முகாம்களிலும் நிறுத்தி எழுத்துப்பூர்வமாக ஆணையிட வேண்டும். அந்த மருத்துவரைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்று வாசலில் இருக்கும் மனு எழுதுபவர் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று. என் இளைய மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவனும் என் வயிற்றில் பிறந்தவன்தான். அவன் ரத்தத்திலும் அந்தப் பழுது இருக்கிறது என்று முடிவு வந்துவிட்டது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர் அம்மையார். இன்று வரை அவன் கண் நன்றாக இருக்கிறது. நான் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து படித்துவிட்டு, "எனக்கு வந்தா நான் அந்த ஆபீஸ் பக்கமே போக மாட்டேம்மா" என்கிறான். அவனைச் சமாதானப்படுத்தச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. தாங்கள் ஏதாவது செய்தால்தான் சொல்ல முடியும். செய்யாவிட்டால் அவன் வரமாட்டான். தங்கள் கணக்கில் பார்வையற்றவர் ஒருவர் குறைவார். என் வீட்டில் குறையமாட்டார்.

நாள்: மார்ச் 9
இடம்: தீக்காயப் பிரிவு, வெளி வராந்தா

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
மேற்படியானின் தாய்

இணைப்பு: நரம்பியல் மருத்துவர் அறிக்கை நகல் (கறையுடன்), முகாம் அறிக்கை நகல், தங்கள் கடிதம் (கையொப்பமின்றி).