தேதி போடாத விடுப்புக் கடிதம்

டீச்சர்,

நாலு நாள் மூடுபனிக்குப் பிறகு இன்றுதான் வெயில் வந்தது. ஈரம் ஏறிய பழைய வருகைப் பதிவேடுகளை மதிய இடைவேளையில் வாசலில் காயப்போட்டேன். ஒன்றின் அட்டைக்குள்ளிருந்து உங்கள் விடுப்புக் கடிதம் விழுந்தது. உடல்நலக் குறைவு, ஒருநாள் தற்செயல் விடுப்பு என்று உங்கள் உருண்டைக் கையெழுத்து. தேதி போடவேண்டிய இடம் மட்டும் காலி. அது எந்த நாள் என்று எனக்குத் தெரியும்.

ஐந்து வகுப்புக்கும் நாம் இரண்டே பேர். ஒருவர் லீவு போட்டால் எல்லாம் மற்றவர் தலையில். போதாக்குறைக்கு, வருகையைப் போனில் ஏற்ற தேயிலை ஃபேக்டரி வளைவு வரை ஏறவேண்டும், பள்ளியில் சிக்னல் கிடையாது. வழியில் காட்டெருமை நின்றால் அதுவாக நகரும்வரை நாமும் நிற்கவேண்டும். அதனால் லீவு கேட்கும் முன் மற்றவர் முகத்தைப் பார்ப்போம். முகம் வாடியிருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிடுவோம். அதை அன்பு என்று நினைத்தோமே, என்ன முட்டாள்தனம்.

அன்று மினி பஸ்ஸிலிருந்து இறங்கி ஏற்றத்தில் மூன்று தடவை நின்றீர்கள். பள்ளிக்கு வந்ததும் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே சொன்னீர்கள்.

"நெஞ்சப் புடிக்குதுங்க டீச்சர். நாளைக்கு ஒருநாள் கோயமுத்தூர் போயி காட்டிட்டு வந்தர்றேன்." பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். "அதக்கூட விடுங்க. இப்பெல்லாம் பிள்ளைங்களப் பாத்தாலே எரிச்சலா வருது. அதுக ஒண்ணும் பண்ணல, பாவம். அதுதான் பயமா இருக்குது."

நான் என்ன சொன்னேன்? "நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்களே, நான் ஒருத்தி என்னங்க பண்ணுவேன்?"

நீங்கள் கோபப்படவில்லை. பேனாவை மூடிவிட்டு, "சரிங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று கடிதத்தைப் பதிவேட்டுக்குள் வைத்தீர்கள். மறுநாள் ஆய்வுக்கு யாரும் வரவில்லை. அடுத்த வாரம் உங்கள் மகன்தான் போன் செய்தார், நீங்கள் தூக்கத்திலேயே போய்விட்டதாக. அந்த ஒரு நாளை நான் உங்களுக்குக் கொடுத்திருக்கலாம் டீச்சர்.

உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர் கோத்தகிரிக்காரர். நேற்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைப் பிசைந்தார். "டீச்சர், நாளைக்கு..." என்று இழுத்தார். காரணம் கேட்காமலே "போயிட்டு வாங்க" என்றேன். அதனால் இன்று ஐந்து வகுப்பும் எனக்கு. பென்சில் சீவித் தரச் சொல்லி நீட்டிய மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் காலையில் கத்திவிட்டேன். அவள் மிரண்டுபோய்ப் பென்சிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மதியம் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும்தான் நீங்கள் சொன்ன பயம் எனக்குப் புரிந்தது.

ஒரு வருடமாக எனக்கும் தலைசுற்றல். யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்தாலே, புது டீச்சர் தனியாக என்ன செய்வார் என்றுதான் மனசு முதலில் கேட்கிறது. நாம் சேர்ந்து பழகிக்கொண்ட பழக்கம் அது, இன்னும் என்னை விடவில்லை.

மாலை பிள்ளைகள் போனதும், உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னுடையதை எழுத உட்கார்ந்தேன். தேதியைத்தான் முதலில் போட்டேன்.