ஒரே பக்கம் போட்ட முடிச்சு

என் நெஞ்சில் நிற்கும் அக்காவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஆறு வருஷமாகிறது. சோளத்தட்டு அறுக்கையில் அரிவாள் உன் தொடையில் இறங்கியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் புதிதாக வந்திருந்த டாக்டர் தையல் போட்டு அனுப்பினார். மாட்டுவண்டி அன்னூர் வந்து சேருமுன் அது அவிழ்ந்துவிட்டது. புடவை ரத்தத்தில் நனைந்திருந்ததை ஊரெல்லையில்தான் பார்த்தேன். நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அந்த டாக்டரை வெறுத்துக்கொண்டேதான் சென்னைக்குப் போய் வைத்தியம் படித்தேன். அங்கே தையலைப் புத்தகத்தில் படித்தோம், எட்டி நின்று பார்த்தோம். ஊசி எங்கள் கைக்கு வருவது, நோயாளி எதிரே படுத்திருக்கும்போதுதான்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது தையல் ஊசியொன்றை நெருப்பில் காட்டி வளைத்தேன். வாழைப்பழத் தோலைக் கீறி, கீறலைத் தைத்தேன். கொஞ்சம் இழுத்தாலும் தோல் கிழிந்துவிடும்.

"ஏங் கண்ணு, பழத்தைத் தின்னுபோட்டுத் தோலை எறியாம, அதுக்குப் போயி வைத்தியம் பாக்கறயே" என்றாள் அம்மா.

அடுத்து ஆட்டுத்தோல். கறிக்கடை ராவுத்தர் ஒரு துண்டைச் சும்மாவே கொடுத்தார். "தெச்சு முடிச்சதும் எந்திரிச்சு ஓடுச்சுன்னா, ஆடு எனக்குத்தானுங்க அம்மணி" என்றார்.

ஒரு சாயங்காலம், போட்ட முடிச்சுகளை இழுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. பூக்கட்டிப் பழகிய விரல்கள் இரண்டாவது சுற்றையும் முதல் சுற்றின் பக்கமே போட்டிருந்தன. அது எதிர்ப்பக்கம் போகவேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உனக்குத் தைத்த டாக்டரும் இப்படித்தான் போட்டிருப்பாரோ? எனக்கு ஆட்டுத்தோல் கிடைத்தது. அவருக்கு நீதான் கிடைத்தாய், அக்கா. அதன்பிறகு அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. உன்னிடம் இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

இன்று காலை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சாலைப் பெண் ஒருத்தி வந்தாள். முன்கையில் ஆழமான வெட்டு. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் அம்மணி, இதுதான் மொதத் தடவைங்களா?"

"மனுசருக்கு மொதத் தடவைங்க. ஆட்டுத்தோல்ல எத்தனையோ போட்டிருக்கறேன்."

"அப்பத் தைங்க. என்ற தோலு அதைவிட மொரடு."

ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டாவது சுற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோனேன். வண்டி தயாராக நின்றும் அவளை அனுப்பவில்லை. சாயங்காலம் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். துணி உலர்ந்திருந்தது. அப்புறந்தான் எனக்கு அழுகை வந்தது.

நாளை எங்களிடம் புதிதாக இரண்டு பேர் வேலைக்குச் சேருகிறார்கள். அவர்களுக்காகத் தோல் சொல்லிவைத்திருக்கிறேன். பத்து முடிச்சு இழுத்தும் அவிழாமல் நிற்கும்வரை, அவர்களை எந்த நோயாளியின் பக்கமும் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு அந்த வண்டியில் வந்த
உன் தங்கை