எல்லாவற்றுக்கும் ஆமாம்

அன்புள்ள பெயிண்டருக்கு,

கொத்தனார் எழுதுகிறேன். சௌக்கியமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நீ மகள் வீட்டில் நன்றாக இருப்பாய். பேரப்பிள்ளைகள் உன் மீசையைப் பிடித்துத் தொங்குகிறார்களாமே. தொங்கட்டும், எத்தனை நாள் நான் தொங்க ஆசைப்பட்ட மீசை!

எனக்கு வயிற்றில் புண் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பெரிய டாக்டர் என் மகனை வெளியே கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். சாத்தினால் ஆச்சா? அந்த ஆஸ்பத்திரியைக் கட்டின புண்ணியவான் கதவுக்கு மேலேயே வென்டிலேட்டர் ஜன்னல் வைத்திருக்கிறான். நானாக இருந்தால் எதிர்ச்சுவரில் வைத்திருப்பேன், காற்றும் வரும். சரி, அது கிடக்கட்டும். கேன்சராம். கல்லீரல் வரைக்கும் போய்விட்டதாம், இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அன்றிலிருந்து என்னை எதிர்த்து ஒருத்தரும் பேசுவதில்லை. சீட்டாட வருகிறவர்கள் வேண்டுமென்றே தோற்கிறார்கள். நான் படுத்திருக்கும் அறையில் மகன் வேறு ஆள் வைத்துப் பூசின சுவர் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரியின் தம்பியிடம், "நூல் பிடிச்ச மாதிரி இருக்குல்ல?" என்றேன். "ஆமா மாமா, என்ன நேர்த்தி!" என்றான். மறுநாள் அவனிடமே, "எவன்டா இவ்வளவு கோணலா பூசினான்?" என்றேன். "ஆமா மாமா, கண்கொண்டு பாக்க முடியல" என்றான். சிரித்தேன். அதற்கும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

வீட்டுக்காரி பின்பக்கம் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது, பாத்திரச் சத்தத்தைக் காணோம். நேற்று அவள் கையைப் பிடித்து, "இந்தா, எனக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தேன். "வெந்நி வெச்சேன், கொதிச்சிடும்" என்று கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். அடுப்பு எரியவே இல்லை. இனி நானும் வாய் திறக்க மாட்டேன். அந்தப் பொய்மேல்தான் அவள் நிற்கிறாள். சாரத்தில் நிற்கிறவளின் காலடிப் பலகையை உருவலாமா?

மகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த வருஷம் மாடி எடுக்கலாம்ப்பா, நீங்கதான் நின்னு பாத்துக்கணும்" என்கிறான். நானும் செங்கல் விலை விசாரிக்கிறேன். வீடு நிறைய ஆள். ஆனால் அடைத்துப் பூசின அறைக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது, பெயிண்டரே.

எனக்கு ஒருநாளும் ஆமாம் போடாதவன் நீ. என் பூச்சு மேடுபள்ளம் என்று தெருவே கூடும்படி கத்தினவன். உன் மகளும் பேரப்பிள்ளைகளும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். அவர்களிடம் சொல்லிக்கொண்டு ஒரு நடை வந்துவிட்டுப் போ. முகம் தெளிவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்காடா?" என்று ஒரு வார்த்தை கேள். மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் கொத்தனார்